பதினோரு மணி வெயில்

சிவ்ரியில் பழைய பஞ்சுக் கிடங்கின் இரண்டாம் மாடி.
ஏசிக் குளிரில் ஒரு சூரியனைப் பிடித்து
வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் கட்டாத வீடு.
வடாலாவில், முப்பத்தோராம் தளம்.
இப்போதைக்கு அங்கே காற்றும்
ஒரு கிரேன் கொக்கியும்தான்.
சோபா போட்டாயிற்று. அதன் மேல்
யாரும் மூடிப் படுக்காத போர்வை.
மேசையில் கண்ணாடிக் கிண்ணம், மூன்று எலுமிச்சை.
எந்த வீட்டில் அப்படி வைக்கிறார்களோ.

"இருட்டா இருக்கே" என்கிறார் தர்மேஷ்.
அவர் சொன்னது இந்தியில். எனக்குக் கேட்டது தமிழில்.
எக்ஸ்போஷரை ஏற்றுகிறேன்.
சோபா முகம் கழுவிக்கொள்கிறது.
மூலையில் உட்கார்ந்திருந்த நிழல்
சொல்லாமல் எழுந்து போகிறது.
ஜன்னலோரத் தரை மட்டும்
பால் பொங்கினதுபோல வெளுத்து வழிகிறது.
பளிங்கின் ரேகை எங்கே என்றால்
இருநூற்று ஐம்பத்தைந்து,
இருநூற்று ஐம்பத்தைந்து,
இருநூற்று ஐம்பத்தைந்து.
அதற்கு மேல் அந்த இடத்துக்கு எண் கிடையாது.

இறக்குகிறேன். ரேகை திரும்புகிறது.
சோபா மறுபடி துக்க வீட்டுச் சோபா.

வெளுப்பை மட்டும் அமுக்க ஒரு திருகு உண்டு.
பார்த்துத் திருக வேண்டும்.
கை கொஞ்சம் அதிகம் போனால்
வெயிலே காய்ச்சலில் படுத்ததுபோல் ஆகிவிடும்.
கூரையில் பட்டு, சுவரில் பட்டு,
எட்டு முறை தெறிக்க விட்டிருக்கிறேன் வெளிச்சத்தை.
ஒன்பதாம் முறைக்கு இயந்திரம் முனகுகிறது.
எலுமிச்சைக்குப் பக்கத்தில் மின்மினிபோல
காரணமில்லாத வெள்ளைப் புள்ளிகள்.

தரையைச் சரிபார்க்கத்தான்
மூன்று ஸ்டாப் கீழே கொண்டுபோனேன்.
அறை முழுக்க அணைந்தது.
ஜன்னலில் ஊர் வந்தது.

ட்ரோன் எடுத்த படம், போன மே மாதம்,
காலை பதினொன்று பத்து.
உப்பளம். மோனோ ரயில் தூண்கள்.
நீலத் தார்ப்பாய்கள்.
அதற்கும் அப்பால் ஆன்டாப் ஹில்.
மூடி உடைந்த தண்ணீர்த் தொட்டி.
எங்கள் தொட்டி.
நாலாம் மாடியில் பன்னிரண்டு ஜன்னல்,
பதினொன்று சாம்பல், ஒன்று கறுப்பு.

சஹார் கார்கோவில் ராத்திரி முழுக்க
கம்பத்து விளக்கின் கீழே பெட்டி ஏற்றி
எட்டு மணிக்கு வருவான் செலஸ்டின்.
"கண்ணுக்குள்ள இன்னும் எரியுது" என்பான்.
கறுப்பு சார்ட் பேப்பர், இரண்டு மடிப்பு,
பழுப்பு டேப், நான்தான் ஒட்டினேன்.
அந்த இருட்டில் ஹேர்பின்னைத் தடவியெடுத்து
செருப்பைக் காலால் தேடி
கதவை மெல்லச் சாத்திவிட்டு
இங்கே வெளிச்சம் போட வருகிறேன்.

பதினொன்று பத்து என்றால்
உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறான்.

போனில் திருமதி ஓஸ்வால்:
"ஜன்னல் வெள்ளையாவே இருக்கட்டும்.
வெளியே ஒண்ணும் தெரிய வேண்டாம்."
தர்மேஷ் என்னைப் பார்த்தார்.
நான் எலுமிச்சையைப் பார்த்தேன்.

ஏற்றினேன்.
முதலில் உப்பளம் போனது.
தார்ப்பாய்கள் கொஞ்ச நேரம் நீலமாக இருந்துவிட்டுப் போயின.
பிறகு தொட்டி.
கறுப்பு ஜன்னல்தான் கடைசிவரை நின்றது,
தூசு விழுந்ததுபோல.
இன்னும் அரை ஸ்டாப்.

மும்பையின் பதினோரு மணி வெயில் அத்தனையும்
அவன் மேல்.
புரண்டுகூடப் படுக்கவில்லை.

ஆறரைக்கு வீட்டுக்கு வந்தேன்.
டேப்பின் ஒரு முனையைக் கட்டைவிரல் அகலம் உரித்தேன்.
பாதத்தில் விழுந்தது.
இன்னும் கொஞ்சம்; முழங்கை, தாடி,
சுவரில் நாங்கள் மறந்துபோன பழைய பச்சை.
"போதும்" என்றான், கண் திறக்காமல்.
அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

டேப்பில் பசை போய்விட்டது.
சனிக்கிழமை வேறு வாங்க வேண்டும்.